எழுதியவரிடம் கேட்கவும்

மட்டக்களப்பு
14.05.2025

பியோனா,

வட்ஸ்அப்பில் எழுதினால் நீ வாசித்த அடையாளம் நீலமாக விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் மின்னஞ்சல். இதையாவது கடைசி வரை வாசி.

நேற்று நாம் எழுதிய செயலியின் கோட் முழுவதையும் திறந்து பார்த்தேன். உங்கள் கொம்பனி என்னிடமிருந்து மாற்றுகிற உரிமையைத்தான் எடுத்திருக்கிறது. பார்க்கிற உரிமை இன்னும் இருக்கிறது. பார்த்து வயிறெரியட்டும் என்று விட்டிருக்கிறார்கள் போல.

திறந்தவுடனேயே தெரிந்துவிட்டது, வேறொருவருடைய கை பட்டிருக்கிறது. உன் கை எனக்குத் தெரியாதா? உங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கீபோர்ட்டுக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டு எத்தனை வருஷம் இருந்தோம். நான் சொல்லச் சொல்ல நீ அடிப்பாய். நீ அடிக்க அடிக்க நான் பிழை பிடிப்பேன். ஒரு வேலை முடிந்தால் நீ கீழே இரண்டு வரி வெறுமையாக விடுவாய். குறிப்பு எழுதவே மாட்டாய். எழுதினாலும், ‘இதில கை வைக்காத, ஏனெண்டு தெரியா, ஓடுது’ என்றுதான் இருக்கும். இப்போது கோட்டில் வருகிற ஒவ்வொரு பங்ஷனுக்கு மேலும் நாலு வரி விளக்கம், இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலத்தில். ஒரு இடத்திலும் எரிச்சலில்லை, அலுப்பில்லை. அவ்வளவு பொறுமையான மனிதனை எனக்குப் பிடிக்கவில்லை.

யார் அந்த ஆள்? பெயரைச் சொல். உனக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறாரா?

இருந்தால் அவருக்கு ஒன்று சொல்லிவிடு. இது கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வட்டைகளுக்கு, அந்த வயல்வெளிகளுக்கு, நெல் வெட்டுகிற மிசின் பதிகிற செயலி. வெள்ளாமை விளைந்தவர் போனில் பதிவார், மிசின்காரருக்குப் போகும், நாள் குறித்து வரும். வேறு ஒன்றுமில்லை. அதை ஏன் ஆறு துண்டாக உடைத்து ஆறு இடத்தில் வைத்திருக்கிறார்? ஒரு துண்டு மற்றத் துண்டோடு கதைப்பதற்கு இன்னொரு துண்டு. உலகம் முழுக்கப் பாவிக்கிற கொம்பனிகள் அப்படிச் செய்கின்றன என்பதற்காக நாமும் செய்யவேண்டுமா? ஒரு நல்ல டேட்டாபேஸ், ஒரு சேவர், வாசித்தால் விளங்குகிற கோட். இந்த மூன்றும் இருந்தால் பத்து வருஷத்துக்கு ஒருவரும் கையை வைக்கத் தேவையில்லை. ஆனால் ஒருவரும் கையை வைக்காவிட்டால் கொழும்பில் எத்தனை பேருக்கு வேலை இருக்காது, அதுதான் சங்கதி.

கையெழுத்துக் கேட்டு அனுப்பிய கடதாசி மேசையில்தான் கிடக்கிறது. செயலியில் உன் பாதியை நீ கொம்பனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அங்கேயே வேலைக்குப் போனாய். என் பாதி இன்னும் என்னிடம். என் செயலியை யார் தொடுகிறார் என்று தெரியாமல் நான் போடப்போவதில்லை. அதில் கையெழுத்துப் போட்டால் பார்க்கிற உரிமையும் போய்விடும் என்று எனக்கு விளங்காமலில்லை.

சுலோஜனா


வெள்ளவத்தை
18.05.2025

அன்புள்ள சுலோ,

ஆள் இல்லை.

பக்கத்துக் கதிரையில் ஒருவரும் இல்லை. அது செயற்கை நுண்ணறிவு. கொம்பனியில் எல்லோருக்கும் தந்திருக்கிறார்கள். நான் சொல்வேன், அது எழுதும். நான் வாசித்துச் சரி என்றால் உள்ளே போகும். உனக்குக் கோபம் வரும் என்று தெரியும், ஆனால் நன்றாகத்தான் எழுதுகிறது. ஒரு அரைப்புள்ளி விடுபட்டதைத் தேடி நாம் ஒரு பின்னேரம் முழுக்கக் கண்ணைக் கெடுத்தோமே, அது இப்போது கண் மூடித் திறப்பதற்குள் பிடித்துவிடும். மிச்ச நேரத்தில் நான் யோசிக்கிறேன். யோசிப்பதற்கு நேரம் கிடைப்பது நல்லதுதானே?

ஆறு துண்டு நான் கேட்டதல்ல. மேலே உள்ளவர்கள் பொலன்னறுவைக்கும் அநுராதபுரத்துக்கும் இதைக் கொண்டுபோகப் போகிறார்கள். அதற்குத்தான் அப்படி. கொக்கட்டிச்சோலை மட்டும் உலகமில்லை, சுலோ.

இங்கே எனக்குக் கதைக்க ஆளில்லை. எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு இருப்பார்கள். வந்த புதிதில் ஒருநாள், சாப்பிடவில்லையா என்று கேட்டதற்கு ‘மறுகா சாப்பிடுறன்’ என்று சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை சிரித்த சிரிப்பு. என்ன மறுகா என்று கேட்டாள். பிறகு என்று அர்த்தம், எங்கள் ஊரில் அப்படித்தான் என்றேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் ‘மறுகா’ என்று கூப்பிடுகிறார்கள். இப்போதெல்லாம் அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை. அந்த மிசின் சிரிப்பதில்லை. அதனால்தானோ என்னவோ அதோடு கூடக் கதைக்கிறேன்.

மம்மி எப்படி? போன் எடுத்தால் உன் கதையைத் தவிர வேறொன்றும் சொல்கிறா இல்லை. சுலோ வந்தா, சுலோ போனா, சுலோ மீன் வெட்டித் தந்தா. உனக்கு வீட்டில் நல்ல இணைப்பு இருக்கட்டும் என்று முன்னறைச் சாவியைத் தந்துவிட்டு வந்தேன். வீட்டையே தந்த மாதிரி ஆகிவிட்டது.

கையெழுத்தைப் போடு. போட்டால் உனக்கும் நல்லது.

பியோ


மட்டக்களப்பு
02.06.2025

பியோனா,

ஆள் இல்லை என்று வாசித்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஆள் என்றால் ஏதாவது குறை இருக்கும். பிந்தி வருவான், அரைகுறையாக வேலை செய்வான், ஒருநாள் உனக்கே அலுத்துப்போவான். இது அலுக்காது. இதற்குக் காய்ச்சல் வராது, கல்யாண வீடு இல்லை. நான் எதைச் சொல்லி இதைக் கரிச்சுக் கொட்டுவது?

நானும் இலவசமாகக் கிடைக்கிற ஒன்றைத் திறந்து பார்த்தேன். என்ன கேட்டாலும் ‘நல்ல கேள்வி’ என்கிறது. வேண்டுமென்று ஒரு விசர்க் கேள்வி கேட்டேன், அதுவும் நல்ல கேள்வியாம். நான் உன்னிடம் ஒருநாளாவது நல்ல கேள்வி என்று சொல்லியிருக்கிறேனா? ‘இதைக் கேக்கிறதுக்கு முதல் கொஞ்சம் யோசிச்சியா’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசிப்பாய், மேர்டில் அன்டி தேத்தண்ணி கொண்டுவருவதற்குள் விடையும் வந்துவிடும். அந்தச் சண்டையில்தான், பியோ, நம்முடைய கோட் நல்ல கோட் ஆனது. உன்னோடு சண்டை பிடிக்காத ஒன்றோடு இருந்து நீ என்ன யோசிக்கப்போகிறாய்?

நான் புதியதற்கு எதிரி இல்லை. எல்லாவற்றையும் க்ளவுட்டில் போடச் சொன்னார்கள், போட்டோம். நெல்லுக்கு பிளொக்செயின் போடலாமா என்று ஒரு ஐயா கோட்டு சூட்டோடு வந்தார், ஞாபகமிருக்கிறதா? அன்டியின் கேக்கைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சாமி வருகிறது, எல்லோரும் ஆடுகிறோம். இந்தச் சாமி கொஞ்சம் கெட்டிக்காரச் சாமி, அதை ஒத்துக்கொள்கிறேன். கோட் எழுதுவது லேசு என்று இது எல்லோருக்கும் காட்டிவிட்டது. அது எப்போதும் லேசுதான். யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிவதுதான் கஷ்டம், அதற்கு வயலுக்குப் போகவேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாம் வைத்த பெயர்களில் அதைக் கை வைக்க விடாதே. வட்டைக்குள் நிற்கிறவருக்கு சிக்னல் கிடையாது. அங்கே நின்று பதிந்தால் பதிவு போனுக்குள்ளேயே கிடந்து, அவர் ரோட்டுக்கு ஏறியதும் தானாகப் போகும். அந்தப் பங்ஷனுக்கு மறுகா என்று பெயர் வைத்தோம். நீதான் சிரித்துச் சிரித்து அடித்தாய். யாரோ சிரித்தார்கள் என்று உன் வாயிலிருந்து அதை எடுத்தது போதும். கோட்டிலிருந்தும் எடுக்கவேண்டாம்.

மம்மியைக் கேட்டாய். அன்டி சுகம். கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஒரு கண்தான் இப்போது, மற்றது பிறகு. நேரத்துக்கு நேரம் மருந்து விடவேண்டும், அதனால் இரவில் நான் இங்கேதான் தங்குகிறேன், உன் அறையில். கடதாசி மேசையில்தான்.

சுலோஜனா


வெள்ளவத்தை
04.06.2025

சுலோஜனா,

என் அம்மாவின் கண்ணில் கத்தி வைத்ததை உன் கடிதத்தின் கடைசிப் பந்தியில் வாசித்து அறிந்துகொண்டேன். அதுவும் பிளொக்செயினுக்குப் பிறகு.

உடனே போன் எடுத்தேன். ‘உனக்கு ஏன் வீண் யோசனை எண்டுதான் சொல்லல்ல, அதுதான் சுலோ இரிக்காவே’ என்றா. அதுதான் சுலோ இருக்கிறாவே. என் கட்டில் தாழ்வாக இருக்கிறதென்று உனக்காக மெத்தையும் மாற்றினாவாம்.

கோட் வேலை முடிந்துவிட்டது. பழைய பெயர்கள் எல்லாம் எல்லோருக்கும் விளங்குகிற பெயர்களாக மாற்றப்பட்டுவிட்டன. பொலன்னறுவையில் இருப்பவருக்கு நம்முடைய ஊர்ச் சொல் விளங்காது. சிறுபோக நெல் வெட்டுக்கு முன் புதிய பதிப்பு வரும். கையெழுத்தைப் போட்டு அனுப்பு. மேலே கேட்கிறார்கள். உன் பாதி இல்லாமல் மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோக முடியாதாம், உனக்காக எல்லோரும் காத்திருக்கவேண்டியிருக்கிறது. உனக்கு அது பிடிக்கும் என்று தெரியும்.

மருந்துக்கு நன்றி.

பியோனா


மட்டக்களப்பு
19.08.2025

பியோனா,

வெள்ளிக்கிழமையிலிருந்து உனக்கு போன் எடுக்கிறேன். நீ எடுக்கவில்லை. கூட்டமாக இருக்கும், இல்லாவிட்டால் என் பெயரைக் கண்டு வைத்துவிட்டாய். நடந்ததைச் சொல்கிறேன்.

மிசின்கார வினாயகமூர்த்தி அண்ணன் எனக்கு போன் எடுத்து, ‘என்ன புள்ள, இந்தமுறை உங்கட பக்கம் வெள்ளாமையே இல்லையா, மிசின் ரோட்டில சும்மா நிக்கிது’ என்று கேட்டார். பதிவே வரவில்லையாம். அம்பாறைப் பக்கம் கூப்பிடுகிறார்கள், போகப்போகிறேன் என்றார். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மண்முனைப் பாலத்தால் ஓடினேன். வட்டை முழுக்கப் பழுத்துப்போய் நிற்கிறது. கோயில் தேருக்கு முன் வெட்டி முடிக்கவேண்டும் என்று நின்ற ஆட்கள், ஒருவரையும் வயலில் காணவில்லை.

கதிர்காமத்தம்பி அண்ணன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரம்பால் நடந்தார். செயலியை முதன்முதல் பாவித்தவர், ஊரெல்லாம் எங்களைப் பற்றிச் சொன்னவர். பின்னாலேயே போய்க் கேட்டேன். நின்றார்.

‘அன்னப்பூரணிக்குக் குடுப்பியாம், எனக்கு மறுத்திருவியாம். நான் உனக்கு என்னகா செஞ்ச?’

போனைக் காட்டினார். ‘உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது. நன்றி.’ நன்றி வேறு.

அங்கிருந்து அன்னப்பூரணி அக்காவிடம் போனால், கதிர்காமத்தம்பிக்குத்தான் மிசின் கிடைத்துவிட்டது என்று நினைத்து அவர் நாலு நாளாக அந்தப் பக்கம் பார்க்கிறதே இல்லை. அவருடைய போனிலும் அதே வரி. பிறகு ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். வட்டைக்குள் நின்று பதிந்த எல்லோருக்கும் அதே வரிதான் வந்திருக்கிறது. ஆனால் ஒருவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. தன்னை மட்டும்தான் வேண்டாமென்று விட்டார்கள் என்ற வெட்கம். அடுத்த வரம்புக்காரனுக்குக் கிடைத்துவிட்டது என்ற எரிச்சல். ஒரு வாய் திறந்திருந்தால் ஊரே பிழையைக் கண்டுபிடித்திருக்கும். ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து எரிந்துகொண்டு இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கோட்டைத் திறந்தேன். மறுகா இருந்த இடத்தில் ‘மறுப்பு’ என்று ஆங்கிலப் பெயர். அப்போதுதான் விளங்கியது. நாம் அன்று அடித்தது எம், ஏ, ஆர், யு, கே, ஏ. ஆங்கில எழுத்தில் எழுதினால் ‘மறுகா’வும் அதுதான், ஒரு கே குறைந்தால் ‘மறுக்க’வும் அதுதான். உன் கெட்டிக்கார மிசின் அதை ‘மறுக்க’ என்று வாசித்திருக்கிறது. பிறகு அனுப்பவேண்டும் என்று காத்துக்கிடந்த பதிவுகளையெல்லாம் மறுக்கவேண்டியவை என்று எடுத்து, ஒவ்வொருவருக்கும் மரியாதையாக மறுப்பு எழுதி அனுப்பியிருக்கிறது. பிழை எங்கே என்று எனக்குத் தெரியும். ஒரு சொல்லை மாற்றினால் சரி. ஆனால் மாற்றுகிற உரிமை என்னிடம் இல்லை. கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவள் மாதிரிப் பார்த்துக்கொண்டே உனக்கு போன் அடித்துக்கொண்டிருந்தேன்.

மிசினுக்குத் தெரியாது, சரி. உனக்கு? இந்த ஊரில் பிறந்து வளர்ந்த உனக்கு, உன் கையாலேயே அந்தச் சொல்லை அடித்த உனக்கு?

மன்றாடி ஒரு மிசினைத் திருப்பிக் கூப்பிட்டேன். பெரும்பாலான வயலை வெட்டிவிட்டார்கள். அன்னப்பூரணி அக்காவின் வயலுக்கு மிசின் வருவதற்குள் யானை இறங்கிவிட்டது. தின்றது கொஞ்சம், மிதித்தது மிச்சம். அக்கா வரம்பில் குந்தியிருந்தார். செயலிப் பிழை, கொழும்பில் நடந்தது என்று நான் விளங்கப்படுத்தினேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் சொன்னார்:

‘மறுத்ததெண்டா மறுத்ததா இரிக்கட்டும் புள்ள. என்ட முகத்தப் பாத்துச் சொல்லியிருக்கலாமே.’

இதற்கு உன் மிசின் என்ன பதில் எழுதும் என்று கேட்டு எனக்கு அனுப்பு.

சுலோஜனா


வெள்ளவத்தை
21.08.2025

சுலோஜனா,

சொல்லைச் சரிசெய்துவிட்டேன். ஐந்தாறு நாள் பிந்தித்தான். கூட்டத்தில் இருந்தது உண்மை. உன் பெயரைக் கண்டு வைத்ததும் உண்மை. அன்னப்பூரணி அக்காவுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதைப் பற்றி எழுதினால் அழுகை வருகிறது, அதனால் மற்றதை எழுதுகிறேன்.

மிசினைக் குற்றம் சொல்லாதே. உனக்கு அதைக் குற்றம் சொல்ல ஆசை, எனக்குத் தெரியும். ஆனால் அது பிழை விடவில்லை. அது நின்றது. அந்த ஒரு பெயரில் மட்டும் நின்று கேட்டது: ‘இந்தச் சொல் மறுப்பதைக் குறிப்பது போலத் தெரிகிறது, ஆனால் உள்ளே நடப்பது அதற்குப் பொருந்தவில்லை. வட்டார வழக்காக இருக்கலாம். மாற்றுவதற்கு முன் எழுதியவரிடம் கேட்கவும்.’

எழுதியவரிடம் கேட்கவும். அது வந்தது ஜூன் நாலாம் திகதி. மம்மியோடு கதைத்து போனை வைத்த கையோடு.

என்ன எழுதியிருக்கிறது என்று நான் ஒழுங்காக வாசிக்கவும் இல்லை. கடைசி வரி மட்டும் கண்ணில் பட்டது. எழுதியவர் என்றால் நீ. என் அம்மாவின் கண்ணுக்கு மருந்து விடுகிறவள் நீ. என் கட்டிலில் படுப்பவள் நீ. கொக்கட்டிச்சோலையில் நம்முடைய செயலிக்குப் பெயர் ‘சுலோட மிசின்’. என்னை அங்கே யாருக்காவது தெரியுமா? ‘வெள்ளைக்காரப் புள்ள ஒண்டு கூட வாறது’ என்பார்கள். நாலு தலைமுறைப் பறங்கிக் குடும்பமாக மட்டக்களப்பில் கிடந்தும் நான் வெள்ளைக்காரப் பிள்ளை. இங்கே வந்தால் நான் மறுகா. இதற்கும் உன்னிடம்தான் கேட்கவேண்டும் என்று ஒரு இயந்திரமும் எனக்குச் சொல்கிறது. கேட்கமாட்டேன் என்று நினைத்தேன். ‘தேவையில்லை, மாற்று’ என்று எழுதிவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அது சொன்னபடி மாற்றியது.

நீ ஒரு மிசினைப் பார்த்துப் பொறாமைப்பட்டாய். எனக்கு அந்த அளவுக்குக்கூடக் கொடுப்பினை இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தது வெறும் மிசின்தான். உனக்குப் பக்கத்தில் என் அம்மா இருந்தா.

கொம்பனியில் அறிக்கை கேட்டார்கள். பெயரைத் தெளிவாக வைக்காதது முதலில் எழுதியவருடைய பிழை என்று எழுதினால் போதும் என்று மேலே சொன்னார்கள். நான் அப்படி எழுதவில்லை. எச்சரிக்கை வந்தது, நான் வாசிக்காமல் விட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்காக இல்லை. பொய் எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பியோனா


மட்டக்களப்பு
02.09.2025

பியோ,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் வந்தது கோபம். எழுதியவளிடம் கேள் என்று ஒரு இயந்திரம் சொல்லியிருக்கிறது. இத்தனை வருஷம் எனக்குப் பக்கத்தில் இருந்த நீ, தேவையில்லை என்று சொல்லியிருக்கிறாய். அதைப் பார்த்து இவ்வளவு நாளும் எரிந்துகொண்டிருந்த நான் இப்போது அதற்கு நன்றி சொல்லவேண்டியிருக்கிறது. உன்னைவிட அது எனக்கு மரியாதை தந்திருக்கிறது. இதை எழுதாமல் மற்றதை எழுத ஏலாது, அதனால் எழுதிவிட்டேன்.

இனி என் பக்கம். ஒப்பரேஷனைச் சொல்லவேண்டாம் என்று அன்டி சொன்னது உண்மைதான். ஆனால் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு அது பிடித்திருந்தது. நீ கொழும்பில் பெரிய கொம்பனி, பெரிய சம்பளம், நாலு வரி ஆங்கிலம் எழுதுகிற தோழர். என்னிடம் என்ன இருந்தது? உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது இருந்தது. கடைசிப் பந்தியில் சும்மா சொல்லுகிற மாதிரி எழுதியதும் வேண்டுமென்றுதான். உனக்குச் சுடட்டும் என்று.

மற்றக் கண்ணும் நேற்று செய்தாயிற்று. இந்தமுறை நானே சொல்கிறேன், முதல் ஆளாக. நன்றாக இருக்கிறா. கண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்த்ததும், ‘பியோனா மெலிஞ்சிருப்பா, இப்ப கண்டா வடிவாத் தெரியும்’ என்றா. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவ என்னைப் பார்க்கவில்லை. உன் படத்தைத்தான் பார்த்தா. அதுவும் எனக்குச் சுட்டது, சொல்லி வைக்கிறேன்.

அன்னப்பூரணி அக்காவிடம் மறுபடி போனேன். தேத்தண்ணி தந்தார். அடுத்த போகத்துக்குப் பதிவாரா என்று கேட்கத் துணியவில்லை.

இனி நான் எழுத வந்த விஷயம். நேற்று உங்கள் கொம்பனியிலிருந்து என்னோடு கதைத்தார்கள். அறிக்கையை வாசித்திருக்கிறார்கள். ஊர் தெரிந்த ஆள்தான் இதற்குத் தலைமையாக இருக்கவேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார்களாம். உன் வேலையை எனக்குத் தருகிறார்கள். உனக்கு வேறெங்கோ இடம் பார்க்கிறார்களாம். மாற்றுகிற உரிமை உடனே திரும்பி வரும். அந்த மிசினும் தருவார்கள். பதிலுக்கு அந்தக் கடதாசியில் என் கையெழுத்து.

எனக்கு வேண்டும், பியோ. நல்லவள் மாதிரி எழுதலாம், ஆனால் எனக்கு வேண்டும். உன் கதிரை வேண்டும். சிரித்த அந்தப் பிள்ளைக்கு முன்னால் போய் இருந்து நாள் முழுக்க மறுகா மறுகா என்று சொல்லவேண்டும். அந்த மிசினோடு இருந்து, நல்ல கேள்வி என்று சொல்லாதே என்று அதற்குப் பழக்கவேண்டும். நான் நன்றாகச் செய்வேன். உன்னைவிட நன்றாகச் செய்வேன் என்றும் நினைக்கிறேன்.

ஓம் என்று பதில் எழுதி வைத்துவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று. இன்னும் அனுப்பவில்லை. இதை உன்னிடம் கேட்காமல் செய்தால் நீ செய்ததற்கும் நான் செய்ததற்கும் வித்தியாசம் இருக்காது. அதனால் கேட்கிறேன். அனுப்பவா? வேண்டாம் என்றால் அனுப்பமாட்டேன். ஏன் என்றும் கேட்கமாட்டேன்.

சுலோ


வெள்ளவத்தை
05.09.2025

சுலோ,

அனுப்பாதே.

‘போ, உனக்கு நல்லது’ என்று பெரிய மனசோடு எழுதத்தான் இருந்தேன். எழுதிப் பார்த்தேன், வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு அழித்துவிட்டேன். நான் பெரிய மனசுக்காரி இல்லை. என் கதிரையில் நீ இருப்பதை நினைத்தால் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது. நீ என்னைவிட நன்றாகச் செய்வாய் என்பது தெரிந்துதான் செய்கிறது. உனக்கு வந்த நல்லதை நான் வேண்டாமென்று சொல்கிறேன். இதைவிட மோசமான சிநேகிதி உனக்குக் கிடைக்கமாட்டாள். ஏன் என்று கேட்கமாட்டேன் என்றாய், இருந்தாலும் சொல்கிறேன்: நீயும் இங்கே வந்துவிட்டால் அந்த முன்னறையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். எனக்குத் திரும்பிப்போக ஒரு இடமும் இருக்காது.

இன்று காலை வேலையை விட்டுவிட்டேன். நீ கையெழுத்துப் போடாத வரைக்கும் அவர்கள் அதை எங்கேயும் கொண்டுபோக ஏலாது. உன் பாதி உன்னிடமே இருக்கட்டும். என் பாதியை நான் கொடுத்துவிட்டேன், அது திரும்பி வராது. அதனால் உன் பாதியில்தான் நான் வேலை செய்யவேண்டும். நீ சேர்த்துக்கொண்டால்.

அன்னப்பூரணி அக்காவிடம் நானே போகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான்தான். நீ கூட வராதே, வந்தால் அவர் உன்னோடுதான் கதைப்பார்.

நாளை இரவு ரயில். மம்மிக்குச் சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீ வீட்டுக்கு வராமல் இரு, சுலோ. நீ நின்றால் அவ முதலில் உனக்குத்தான் தேத்தண்ணி ஊற்றுவா, அதை வாசலில் நின்று பார்க்க எனக்கு ஏலாது. ஒருநாள் என் அம்மா எனக்குத் தனியாக வேண்டும். திங்கட்கிழமை வா.

மருந்தை நான்தான் விடுவேன். எந்தப் போத்தல் முதலில், எத்தனை துளி, அவ கண்ணை இறுக்கி மூடினால் நீ என்ன செய்வாய்? அவவிடம் கேட்டால் சுலோவுக்குத் தெரியும் என்பா. அதனால் உன்னிடமே கேட்கிறேன். எல்லாவற்றையும் விபரமாக எழுதி அனுப்பு.

பியோ